இரைச்சல் நின்றபோது கைதட்டினார்கள்

அத்தியாயம் நான்கு

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங். கம்பத்துலேருந்து எங்க அக்கா துப்பறிய வந்திருக்காக. தப்புப் பண்ணின பெரியோர்களும் தாய்மார்களும் முண்டியடிக்காம வரிசையில வந்து ஒப்புக்கொள்ளுமாறு..."

"கர்ணா, மைக்கைக் கீழ வை."

"வச்சுட்டேங்க்கா. ஆனா ஒண்ணு கவனிச்சீகளா? என் குரல் எம்புட்டு சுத்தமா இருக்கு!"

ஷர்மின் கவனித்ததும் அதைத்தான். சாலை ஓரத்து வேனின் மேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து உதவியாளன் கர்ணனின் குரல் துடைத்து வைத்தாற்போல வந்தது. அவன் பேச்சில் விஷயம் இல்லாமல் இருக்கலாம். இரைச்சலும் இல்லை.

ராயப்பன்பட்டிக்கு வெளியே, மலையைப் பார்த்துக் கிடக்கும் சவரிராஜின் திராட்சைத் தோட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் அவருடைய பேரன் சர்ச்சில் முதல்முதலாக நற்கருணை வாங்கியதற்கான புதுநன்மை விருந்து. காலையிலிருந்தே ஸ்பீக்கர் 'உர்ர்ர்' என்று இரைந்துகொண்டிருந்ததாக விருந்துக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். பந்தி முடியும் நேரத்தில் தோட்டத்துக் காவல்காரர் அம்மாவாசி, கொடிப்பந்தலைத் தாங்கும் பின்வரிசைக் கல்லுக்கால் ஒன்றின் பக்கத்தில் மின்சாரம் தாக்கிச் செத்துக் கிடந்தார். அவர் தலைக்கு மேலே ஒரு மைக் ஒயர் தொங்கியது. அதில் ஓர் ஒட்டு. ஒட்டின் மேல் கறுப்பு டேப் பிரிந்திருந்தது.

ஒயர் கிறிஸ்டோபருடையது. ஊருக்கெல்லாம் ரேடியோ செட் கட்டுகிற கிறிஸ்டோபர். போலீஸ் அவனைத் தேடிப் போக வேண்டிய அவசியமே வரவில்லை. அவனாகவே ஸ்டேஷனுக்கு நடந்து போய், "என் ஒயருதான் கொன்னுச்சு, என்னைய உள்ள போடுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். வக்கீல் வேண்டாம் என்றான். சாப்பாடும் வேண்டாம் என்றான். இன்று சாயந்திரம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து ஜெயில்.

அவன் மனைவி ஜெபஷீலா நேற்று கம்பத்தில் ஏலக்காய்க் கடை மாடியிலிருக்கும் ஷர்மினின் துப்பறியும் ஆபீஸுக்கு வந்தபோது அழவில்லை. "அவரு செஞ்சிருக்க மாட்டாருன்னு சொல்ல வரலக்கா. செஞ்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும்" என்றாள். தீ விபத்து இன்சூரன்ஸ் கேஸ்களில் பல வருஷம் பொய்யாகவே கேட்டுப் பழகிய ஷர்மினுக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது.

இப்போது ஜெபஷீலா வேனுக்குள் ஆம்ப்ளிஃபையர் முன்னால் நின்றாள். போலீஸிடம் கேட்டு ஒயரை வாங்கி, விருந்தன்று இருந்தது இருந்தபடியே எல்லாவற்றையும் மறுபடி கட்டியிருந்தார்கள். வேனும் ஜெனரேட்டரும் சாலை ஓரத்தில். மேடை பண்ணை வீட்டுப் பக்கம். நடுவே மைக் ஒயர், தோட்டத்தின் பின்பக்கமாகச் சுற்றி, கடைசி வரிசைக் கல்லுக்கால்களில் தலை உயரத்துக்குக் கட்டி வந்தது.

"நேரா இழுக்காம எதுக்கு இம்புட்டுத் தூரம் சுத்தினாரு?" என்றாள் ஷர்மின்.

"பந்திக்கு வர்றவுக கால்ல தட்டிறக் கூடாதுன்னுதான். ஜெனரேட்டர் சத்தம் மேடைக்குக் கேக்கக் கூடாதுன்னு வண்டியையும் இங்கன போட்டாக."

"தோட்டத்துல கரண்டு இருக்கே. எதுக்கு ஜெனரேட்டர்?"

"அது விவசாயத்துக்குக் குடுக்குற இலவசக் கரண்டுக்கா. அதுல செட்டு ஓட்டுனா கேஸு. அவரு எந்தத் தோட்டத்துலயும் கரண்டு எடுக்க மாட்டாரு."

"ஆக, அன்னைக்குக் காலைலேருந்து உங்க செட்டு ஜெனரேட்டர்லதான் ஓடுச்சு?"

"முழுக்க முழுக்க."

ஷர்மின் தலையாட்டினாள். பிறகு பின்பக்கம் நடந்து போய், பிரிந்த டேப்போடு இருந்த அந்த ஒட்டைக் கையில் பிடித்து ஆட்டினாள். ஸ்பீக்கரில் 'கரகர' என்று சத்தம் வந்தது. விட்டாள். நின்றது. மறுபடி ஆட்டினாள். மறுபடி கரகர.

"அக்கா, ஒரு மனுசன் செத்த ஒயரை இப்படியா புடிச்சு ஆட்டுவீக? உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா எனக்கு ஆபீஸ் சாவி எங்கன இருக்குன்னு கூடத் தெரியாது" என்றான் கர்ணன்.

"மைக் ஒயருடா. செட்டுலேருந்து கரண்டு கசியலைன்னு டெஸ்டர் வச்சுப் பாத்துட்டேன். இதுல ஓடுற கரண்டு ஒரு கொசுவக் கூடக் கொல்லாது. ஜெபஷீலா, அன்னைக்குக் கேட்ட சத்தம் இதுவா?"

"இல்லக்கா. கரகரன்னா ஒட்டு லூசு. சவுண்டு கிழியுதுன்னா ஸ்பீக்கருக்குள்ள தகடு போச்சுன்னு அர்த்தம். அன்னைக்குக் கேட்டது ரெண்டும் இல்ல. ஒரே மட்டமா உர்ர்ர்ருன்னு. பக்கத்துல எங்கயோ வீட்டுக் கரண்டு ஒயரு கூடவே ஓடுனா அப்படித்தான் கேக்கும். தொடக்கூட வேணாம், பக்கத்துல இருந்தாலே மைக் ஒயரு வாங்கிக்கும்." சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள். "நல்ல ஒயருன்னா வாங்காது. மேல ஒரு வலை இருக்கும். இது பழசு. மாத்தணும்னாரு. இந்த ஒரு சீசன் ஓட்டிக்கிருவோம்னு நாந்தான் சொன்னேன்."

"சனிக்கிழமை கட்டினப்ப இரைஞ்சுச்சா?"

"சனிக்கிழமை மத்தியானம் கட்டி, பாட்டுப் போட்டுப் பாத்தோம். இப்பக் கேட்டீகளே, அப்படிச் சுத்தமா இருந்துச்சு. மறுநாள் காலைல மைக்கை ஆன் பண்ணினா உர்ர்ருங்குது."

"ராத்திரி பனியில ஒயருக்கு ஜலதோஷம் புடிச்சிருக்கும்" என்றான் கர்ணன்.

"இல்லடா. ராத்திரியில பக்கத்துல வேற யாரோ வந்து படுத்திருக்காக" என்றாள் ஷர்மின்.

ஜீப்பின் பானெட் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து மூன்று பேரும் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். சவரிராஜே போலீஸுக்குக் கொடுத்து, அவர்களிடமிருந்து ஷர்மின் வாங்கி வந்த வீடியோ. மேடை முன்னால் ஸ்டாண்டு போட்டு அவருடைய மச்சான் எடுத்தது. 'பாருங்க, எம்புட்டு மோசமான செட்டுன்னு நீங்களே கேளுங்க' என்று இன்ஸ்பெக்டரிடம் அவரே நீட்டியிருந்தார்.

இரைச்சல் நன்றாகவே கேட்டது. பாட்டுக்கு அடியிலும், பேச்சுக்கு அடியிலும், பேரனை வாழ்த்த வந்தவர்கள் மைக்கில் சொன்ன ஆசீர்வாதங்களுக்கு அடியிலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. படத்தின் இடது ஓரத்தில் மேடை. வலது ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் மோட்டார் தண்ணீர் கொட்ட, பிள்ளைகள் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பையன் குளிக்கிறதைப் பாத்தா எனக்கே..." என்று ஆரம்பித்த கர்ணனின் கையை ஷர்மின் பிடித்து நிறுத்தினாள்.

"பின்னால தள்ளித் திரும்பப் போடு."

திரும்ப ஓடியது. தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று மெலிந்து நின்றது. பிள்ளைகள் 'ஏய்ய்' என்று கத்தினார்கள். தண்ணீர் நிற்கத் தொடங்கிய அதே நொடியில் ஸ்பீக்கர் இரைச்சலும் நின்றது. பாட்டு மட்டும் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்டு போயிருச்சு" என்றாள் ஜெபஷீலா. அவள் குரல் மாறிவிட்டது. "தோட்டத்துக் கரண்டு போயிருச்சு. மோட்டார் நின்னுருச்சு. ஆனா எங்க செட்டு ஜெனரேட்டர்லல்ல ஓடுது! எங்க செட்டுல கோளாறுன்னா அது நிக்காதே?"

"நிக்காது. இன்னும் பாரு."

கொஞ்ச நேரம் சுத்தமான பாட்டு. பிறகு 'உர்ர்ர்' திரும்பி வந்தது. தொட்டியில் இன்னும் தண்ணீர் இல்லை. ஒரு பிள்ளை குழாய் வாயில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தது. அதற்கப்புறம்தான் தண்ணீர் பீய்ச்சியடித்து அந்தப் பிள்ளையின் மூஞ்சியை நனைத்தது.

கர்ணன் விசிலடித்தான். "எங்க மாமா தோட்டத்துலயும் இப்படித்தாங்க்கா. கரண்டு வந்ததும் மோட்டார் ஓடாது. ஆட்டோ ஸ்டார்ட்டர் கொஞ்ச நேரம் யோசிச்சு, கொட்டாவி விட்டு, அப்புறம்தான் ஓட்டும்."

"அப்ப இரைச்சல் மோட்டாரால இல்ல. கரண்டு வந்த உடனே உயிர் வந்த வேற ஏதோ ஒண்ணு. ஸ்டார்ட்டரைக் கேக்காம, மெயின் போர்டுலயே நேரா மாட்டின ஒண்ணு. சாயந்திரம் மாட்டி, ராத்திரி முழுக்க இருந்து, மைக் ஒயருக்குக் கூடவே பின்வரிசையில ஓடின ஒரு கம்பி." ஷர்மின் மலைப்பக்கம் பார்த்தாள். "ராத்திரியில அந்தப் பக்கமிருந்து தோட்டத்துக்குள்ள யாரு வருவாக கர்ணா?"

"காட்டுப்பன்னி. அதுக்கு யாரோ கரண்டு வேலி போட்டிருக்காக" என்றான் கர்ணன்.

பின்வரிசைக் கல்லுக்கால்களை இப்போது அவர்கள் வேறு உயரத்தில் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே, புல் மறைத்த இடத்தில், ஒவ்வொரு கல்லிலும் கரண்டு கல்லில் இறங்காதபடி சைக்கிள் டியூப் துண்டு சுற்றிக் கட்டியிருந்தது. கம்பியைக் காணோம். கம்பி உரசின தடம் மட்டும் டியூப்பில் பளிச்சென்று இருந்தது.

"என்ன தங்கச்சி, தோட்டத்தையே அளந்துக்கிட்டு இருக்கீக?"

சவரிராஜ் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு தட்டு நிறையப் பன்னீர் திராட்சை. செத்துப்போன காவல்காரருக்காக முகத்தில் கொஞ்சம் துக்கமும் வைத்திருந்தார்.

"இந்த டியூப்பு எதுக்குண்ணே?" என்றாள் ஷர்மின்.

"அதுவா... எலி ஏறாம இருக்கத்தான்."

"எலி சைக்கிள்லயா வருது?" என்றான் கர்ணன்.

அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஷர்மின் கேட்டதும் மோட்டார் ரூமைத் திறந்து காட்டினார். போர்டில் ஸ்டார்ட்டருக்கு மேலே ஒரு செம்புக் கொக்கி கறுத்துப்போயிருந்தது. பழைய லைட்டுக்கு என்றார்.

"வேலி எங்கண்ணே?"

"வேலியா? எந்த வேலி? என் தோட்டத்துல வேலியே கெடையாதும்மா. சந்தேகம்னா தேடிப் பாத்துக்கோங்க. பாவம், அந்தக் கிறிஸ்டோபரு தானா ஒத்துக்கிட்டான். அதுக்கு மேல நாம என்ன செய்ய முடியும்? பழம் சாப்பிடுங்க."

யாரும் சாப்பிடவில்லை.

ஜீப்பில் ஏறியதும் கர்ணன் ஸ்டியரிங்கைக் குத்தினான். "கண்டிப்பா இந்தாளுதான். கம்பியச் சுருட்டி எங்கயோ போட்டுட்டு எலியாம் எலி! நேரா ஸ்டேஷனுக்குப் போயிருவோமாக்கா?"

"கடைசியையும் பாத்துட்டுப் போவோம்" என்றாள் ஷர்மின்.

வீடியோவின் கடைசிப் பகுதி. சவரிராஜ் மைக்கைப் பிடித்து நன்றி சொல்கிறார். இரைச்சல் அவர் குரலையே விழுங்குகிறது. அவர் எரிச்சலோடு வேன் பக்கம் கை காட்டுகிறார். சவுண்டு இன்னும் கூடுகிறது. தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. திடீரென்று இரைச்சல் நின்றது. "ஆங்! இப்பத்தான் சரியாச்சு! எல்லாரும் நம்ம ரேடியோ செட்டுக்காரருக்கு ஒரு கை தட்டுங்கப்பா!" என்றார் சவரிராஜ். பந்தியே சிரித்துக்கொண்டு கைதட்டியது. கைதட்டல் ஓய்வதற்குள் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் அலறல்.

ஷர்மின் போனை அணைத்தாள்.

"தண்ணி நிக்கலையே" என்றாள் ஜெபஷீலா மெதுவாக. "இந்தத் தடவை கரண்டு போகல. யாரோ கையால புடுங்கியிருக்காக."

"சவரிராஜ் மேடையில இருக்காரு" என்றான் கர்ணன். "அப்ப அவரு புடுங்கல. வேற யாருக்கோ தெரிஞ்சிருக்கு. அம்மாவாசி கிடக்கிறதப் பாத்து, மோட்டார் ரூமுக்கு ஓடி, கொக்கியிலேருந்து கம்பியப் புடுங்கிட்டு, அப்புறம் அலறி..."

முதலில் அலறியது யார் என்று ஊருக்கே தெரியும். அம்மாவாசியின் மனைவி மாரீஸ்வரி.

ஷர்மினுக்கு அந்தக் கணத்தில் இந்தத் தொழிலே பிடிக்காமல் போனது. கிறிஸ்டோபரை வெளியே கொண்டுவர ஒரே வழி, புருஷனைப் பறிகொடுத்து மூன்று நாள் கூட ஆகாத ஒருத்தியின் வாயால் அதைச் சொல்ல வைப்பது. சொல்ல வைக்காவிட்டால், செய்யாத குற்றத்துக்கு ஒருவன் சாயந்திரம் ஜெயிலுக்குப் போகிறான். "மார்க்கையன்கோட்டைக்கு விடு" என்றாள்.

மாரீஸ்வரி அங்கே அம்மா வீட்டில் இருந்தாள். துக்கத்துக்கு வந்த பெண்களிடம் ஷர்மின் ஒரு வார்த்தை சொல்லி, அவளைக் கொல்லைப்பக்கம் வாழைமரத்தடிக்குக் கூட்டி வந்தாள். கர்ணன் தள்ளியே நின்றான். ஜெபஷீலா ஜீப்பை விட்டு இறங்கவில்லை. எந்த முகத்தோடு இறங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஷர்மின் எதுவும் கேட்பதற்கு முன்னால் மாரீஸ்வரி கேட்டாள்.

"அந்த ரேடியோ செட்டு அண்ணன எப்பக்கா விடுவாக?"

"நீ வந்து சொன்னா விடுவாக ஆத்தா."

மாரீஸ்வரி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தாள். வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை, பேச்சுத்தான் கொட்டியது.

"பொழுது சாய எங்க வீட்டுக்காரரு வேலிக்கம்பிய மாட்டுவாருக்கா. விடியக்காத்தால பழம் வெட்டப் போறப்ப நான் புடுங்கிருவேன். ஒருநா தவறாது. அன்னைக்கு ஞாயித்துக்கெழமை, பழவெட்டு இல்ல. வெங்காயம் உரிக்க வான்னு முன்பக்கமாக் கூப்பிட்டுட்டாக. அப்படியே போயி உக்காந்துட்டேன். பின்பக்கம் போகவே இல்லக்கா. மறந்தே போச்சு. அந்த ரேடியோ இரையுறதக் கேட்டுக்கிட்டுத்தான் வெங்காயம் உரிச்சேன். எல்லாரும் சிரிச்சாக, நானும் சிரிச்சேன். 'கிறிஸ்டோபரு அண்ணன் செட்டுக்கு வயிறு சரியில்ல போல'ன்னு நாந்தாங்க்கா சொன்னேன்!"

"அப்புறம்?"

"கிறிஸ்டோபரு அண்ணன் அவரைக் கூப்பிட்டு, ஒயரு எங்கயாச்சும் தொடுதா பாருங்கன்னு அனுப்பினாரு. இவரு கல்லு கல்லா ஆட்டிக்கிட்டே போயிருக்காரு. நான் புடுங்கியிருப்பேன்னு நம்பிப் போயிருக்காரு. என்னைய நம்பி." அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஆளக் காணோமேன்னு நான் போயிப் பாத்தப்ப கால் கம்பி மேல கெடந்துச்சு. அவரைத் தொடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஓடிப் போயிப் புடுங்கினேன். புடுங்கினதும் அங்கன கைதட்டுறாக. எதுக்குத் தட்டுறாகன்னு எனக்குப் புரியல. அவரு எந்திரிச்சுட்டாரோன்னு நெனச்சேன்."

ஷர்மின் அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"இத ஏன் போலீசுல சொல்லல?"

"மொதலாளிதான். ஆஸ்பத்திரிக்கு வண்டி கெளம்பினதுமே கம்பியச் சுருட்டிட்டாரு. 'நீதானே புடுங்க மறந்த? வெளிய சொன்னா புருசனக் கொன்னவன்னு உன்னையத்தான் புடிச்சு உள்ள போடுவாக. வாயத் தொறக்காத'ன்னாரு. நான் உள்ள போகப் பயப்படலக்கா. எம்பிள்ளைக என்னைய எப்படிப் பாக்கும்? அதுக்குத்தான் பயந்தேன். ஆனா அந்த அண்ணன் எனக்காக உள்ள போறாருன்னு கேட்டதுலேருந்து தொண்டையில எதுவும் எறங்க மாட்டேங்குது."

அவளாகவே எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "வாங்க, போவோம்."

ஜீப்பில் ஜெபஷீலா நகர்ந்து இடம் விட்டாள். ஊர் எல்லை தாண்டியதும் ஜெபஷீலா, "அந்த ஒயர மாத்தாதீகன்னு நாந்தான் சொன்னேன்" என்றாள். மாரீஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் உமாதேவி வீடியோவை முழுசாகக் கேட்டாள். தண்ணீர் நிற்கும் இடத்தை இரண்டாவது தடவையும் போடச் சொன்னாள். "கால்லதான் காயம்னு டாக்டர் சொன்னப்பவே எனக்கு இடிச்சுச்சு. கையால ஒயரப் புடிச்சவனுக்குக் கால்ல எப்படின்னு. ஆனா இவனே ஒத்துக்கிட்டானே மேடம். சரி, இந்தம்மா சொல்றது ஒண்ணு. கம்பி எங்க? கம்பி இல்லாம அந்தாளு இல்லைன்னு சொல்லிட்டா?"

"சொல்லத்தான் போறாரு. வரச் சொல்லுங்க" என்றாள் ஷர்மின்.

சுவரோரம் பெஞ்சில் கிறிஸ்டோபர் உட்கார்ந்திருந்தான். தாடி முளைத்திருந்தது. மாரீஸ்வரி சொன்னதையெல்லாம் அவனும் கேட்டான். விடுதலை என்று புரிந்ததற்கான அடையாளமே அவன் முகத்தில் இல்லை.

"அவரை அனுப்பினது நாந்தானே" என்றான். "உர்ருங்குது, ஆட்டிப் பாருங்கண்ணேன்னு நாந்தானே சொன்னேன். அவரு போனப்புறம் சத்தத்தையும் கூட்டி வச்சேன். அவரு கத்தியிருந்தாக் கூட யாருக்கும் கேட்டிருக்காதே."

சவரிராஜ் வந்தார். மாரீஸ்வரியைப் பார்த்ததும் அவர் நடை ஒரு கணம் தயங்கியது. பிறகு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா தோட்டத்துல மின்வேலி இருந்துச்சுன்னு சொல்றாக" என்றாள் உமாதேவி.

"வேலியா? காலைலதான் இந்தத் தங்கச்சி தேடிப் பாத்தாக. ஒரு முழம் கம்பி காட்டட்டும், நான் நாக்கப் புடுங்கிக்கிறேன். புருசன் போன துக்கத்துல இது ஏதோ ஒளறுது. மனசுல வச்சுக்கக் கூடாது."

ஷர்மின் அவரை விட்டுவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "அப்படித்தான் மேடம். ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது. அம்மாவாசியே ராத்திரியோட ராத்திரியாத் திருட்டுத்தனமா கம்பியக் கட்டியிருக்காரு. காலைல புடுங்கணும்னு யாரும் இந்தம்மாகிட்டச் சொல்லவே இல்லையாம். அதனால இவுக மேலயும் தப்பில்ல. செத்தவர் மேல எழுதி முடிச்சிருங்க."

மாரீஸ்வரி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "இல்லக்கா! அவரு திருட்டுத்தனமா ஒண்ணும் கட்டல! நான்தான் மறந்துட்டேன், என்கிட்டச் சொல்லித்தான் இருந்தாக!"

"யாரு சொன்னது? ஒருத்தரும் சொல்லல" என்றாள் ஷர்மின்.

மாரீஸ்வரி மேலேயே பழியைப் போடும் அந்த வாய்ப்பை விட சவரிராஜுக்கு மனசு வரவில்லை. "சொல்லலையா? யாரு சொல்லல? விடிஞ்சதும் மொத வேலையாக் கொக்கியிலேருந்து கம்பியப் புடுங்குன்னு இவகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்யா! ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சொல்லியிருக்கேன்! மறந்துட்டு வெங்காயம் உரிக்கப் போனா அதுக்கு நானா பொறுப்பு?"

ஸ்டேஷன் ரைட்டர் பேனாவைத் திறந்தார்.

"ஐயா, இப்பத்தானே எந்த வேலின்னு கேட்டீக?" என்றான் கர்ணன்.

சவரிராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எந்த முகத்திலும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில், "எல்லாத் தோட்டத்துலயும்தான் போட்டிருக்காக. நான் மட்டுமா?" என்றார்.

"அதையும் எழுதிக்கோங்க" என்றாள் உமாதேவி. "கம்பி எங்கன கெடக்குன்னு ஐயா இப்பச் சொல்லுவாக."

அப்போதுதான் கிறிஸ்டோபர் பெஞ்சை விட்டு எழுந்தான். தனக்காக ஒரு வார்த்தை பேசாத மனிதன், சவரிராஜ் முன்னால் வந்து நின்றான்.

"ஒரு கை தட்டச் சொன்னீங்களே மொதலாளி. அவரு அங்கன கெடக்கையில, எனக்குக் கை தட்டச் சொன்னீங்களே. இந்தப் புள்ளய மூணு நாளா அந்தப் பாவத்தோட தனியாப் படுக்க வச்சீங்களே. உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா?"

சவரிராஜ் சுவரைப் பார்த்தார். தூங்கியிருப்பார் போலத்தான் இருந்தது. அந்த அறையில் தூங்கின முகம் அவருடையது ஒன்றுதான்.

ஜெபஷீலா புருஷனை வெளியே கூட்டிப் போனாள். வாசலில் அவன் திரும்பி மாரீஸ்வரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "என்னைய மன்னிச்சிரும்மா. நான் அனுப்பியிருக்கக் கூடாது."

"நீங்க அனுப்பாட்டியும் வெத்தல துப்ப அங்கனதாண்ணே போவாரு" என்றாள் மாரீஸ்வரி. "வீட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்பிடுங்க."

அவர்கள் போனதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சவரிராஜை உள்ளே கூட்டிப் போனார்கள். கர்ணன் ஜீப்பைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான். மாரீஸ்வரி எழுந்திருக்கவில்லை. ஷர்மின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கெளம்புவோமா ஆத்தா? பிள்ளைக தேடுமே."

"என்னைய எப்பக்கா புடிப்பாக?"

"உன்னையப் புடிக்க மாட்டாக. வேலி போடச் சொன்னது அவரு, கம்பிய ஒளிச்சது அவரு. உன்னையச் சாட்சியாத்தான் போட்டிருக்காக. உனக்குத் தண்டனை எதுவும் கெடையாது."

மாரீஸ்வரி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"மறந்தது நாந்தானே. தண்டனை இல்லைங்கிறது எனக்குப் போதாதுக்கா" என்றாள்.